வீட்டோடு மாப்பிள்ளை

மூன்றாவது தடவையும் சாவியைத் திருப்பினான். கார் மூச்சே விடவில்லை.

வாசலில் அப்பாவின் உடலை ஏற்றிய வேன் காத்துக்கொண்டிருந்தது. அம்மா அந்த வேனில் வரவேண்டாம், நம் காரில் பின்னால் வரட்டும் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். நான்கு வருடம் கழித்து விடிகாலை விமானத்தில் வந்து இறங்கியவனுக்குச் செய்வதற்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"தம்பி, எறங்குங்க." தெருமுனை ஒர்க்‌ஷாப்காரர் குனிந்து ஜன்னல் வழியே சொன்னார். "பேட்டரி போயி எட்டு மாசம் ஆச்சு. இன்சூரன்சும் கட்டல. வழியில நின்னு போச்சுன்னா, இன்னிக்கு அது வேறயா?"

"எட்டு மாசமா? போன ஞாயித்துக்கிழமைகூட இதுல இருந்துதானே என்கிட்ட வீடியோல பேசினாரு!"

அவர் சுத்தமாக இருந்த கைகளையே பழந்துணியில் துடைத்துக்கொண்டார். அக்கா வந்து கதவைத் திறந்தாள்.

"வாடா. எல்லாரும் நிக்கிறாங்க."

வேனில் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, அவன் ஏறியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, மாப்பிள்ளை வரமாட்டேன்னுட்டாரா?"

அந்தக் காருக்கு வீட்டில் அதுதான் பெயர். தனியாக இடம் கொடுக்கணும், குளிப்பாட்டணும், வேளாவேளைக்குக் கவனிக்கணும், ஒரு வேலையும் சொல்லக்கூடாது என்று அம்மா வைத்த பெயர். போனில் அதைச் சொல்லி அவர்கள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அம்மாவே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. குளித்துவிட்டு வந்தவன், ஈரத்தலையோடு சமையலறை வாசலில் நின்று, வந்ததிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டான்.

"கீழ ஷெட்டுல காரு நிக்கிறப்போ எதுக்குக்கா பஸ் ஸ்டாப்புல போய் நின்னாரு?"

நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். பஸ் வந்தபோது பெஞ்சில் சாய்ந்தபடியே இருந்தார். இரண்டாவது பஸ் வந்தபோதுதான் யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். "இங்க வேணாம். அம்மாவுக்குக் கேக்கும்."

"எனக்குக் கேக்காதுன்னு யாருடி சொன்னா?" உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சொல்லு அவன்கிட்ட. இன்னும் எத்தன நாளைக்கு மூடி வெக்கிறது?"

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். "நீ வாங்கிக் குடுத்தது ஒரே ஒரு தடவடா. நாங்க மாசாமாசம் வாங்கிக்கிட்டே இருந்தோம். ஷெட்டு வாடகையே அவரு பென்ஷன்ல கால்வாசி. அப்புறம் இன்சூரன்ஸ், டாக்ஸு, சர்வீஸ். ஓடாம நின்னாலும் டயரு வெடிச்சுப் போகுமாம், அது யாருக்குத் தெரியும்? மருந்து குடோன்ல பெட்டி எண்ணுற வேலைக்குப் போனாரே, எதுக்குன்னு நெனச்சே?"

"பொழுது போகலன்னு சொன்னாரு."

"ஆமா. அறுபத்தி மூணு வயசுல, நின்ன கால்ல எட்டு மணி நேரம், பொழுது போகலன்னு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா வித்திருக்கலாம்ல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். 'அவன் அங்க ரெண்டு ஷிப்ட் பாத்துக் காருக்குத் தவணை கட்றான், இதச் சொன்னா ஒடஞ்சு போயிடுவான்'னுட்டாரு."

அவன் ஒவ்வொரு வருடமும் லீவு கேட்கும் சமயத்தில் டிக்கெட் விலையையும் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். 'தவணை முடியட்டும்ப்பா, வந்துடறேன்.' மூன்று வருடம் இதையே சொன்னான். அப்பாவும் மூன்று வருடமும், 'அவசரமில்லடா, காரு நல்லா ஓடுது' என்றார். இன்னும் பதினோரு தவணை பாக்கி.

"ரெண்டு பேரும் அதுக்குத்தான் சம்பாரிச்சீங்க," என்றாள் அம்மா உள்ளிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

அன்றிரவு அவன் எடுத்துப் பார்த்த கார் பைலோடு அப்பாவின் நோட்டு ஒன்றும் இருந்தது. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதிய மனிதர். வாசலில் நின்றே உத்தேசமாக எண்ணைப் போடும் ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மீட்டரைக் கண்ணால் பார்த்தால் எண். ஆள் இல்லாத வீடென்றால் 'கதவு பூட்டு'. அவ்வளவுதான் அவர் எழுதுவது. காருக்கும் அப்படியே ஒரு நோட்டுப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தேதி, கிலோமீட்டர்.

முதல் வருடம் எண்கள் மளமளவென்று ஏறின. பிறகு தயங்கின. பிறகு 8412 என்பதே பக்கம் பக்கமாக வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அதுவும் நின்றுபோயிருந்தது. பேட்டரி போனபின் அந்த எண் திரையில் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்த எண்தான். ஆனாலும் அவர் எழுதவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் நேராக, அதே சாய்வான கையெழுத்தில், 'கதவு பூட்டு'.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்காரர் வேறொரு பேட்டரியோடு வந்தார். விற்கும்வரை தன் இடத்தில் நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் அம்மா. "இனிமே இதுக்கு ஆக்கிப்போட என்னால ஆகாது."

மகன் பக்கம் திரும்பி நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். "குடுக்கறதுக்கு முன்னாடி ரீடிங்க எழுதிடு. இல்லாட்டி மனுசன் ஒத்துக்க மாட்டாரு."

அவன் ஏறி உட்கார்ந்தான். பின்சீட்டில் கடையில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. ஸ்டீயரிங்கில் போனைச் செருகிவைக்க அப்பா ரப்பர் பேண்டால் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார். முன்னால் பேட்டரியை மாட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்காரர் குரல் கொடுத்தார். "பிரேக்க மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க."

நேற்றைய அவசரத்தில் சாவியை மட்டும்தான் திருப்பியிருந்தான். இப்போது காலை நீட்டினான். எட்டவில்லை.

அப்பா அவனைவிட அரை அடி குட்டை. சீட்டோ கடைசிவரைக்கும் பின்னால் தள்ளிக் கிடந்தது. முகத்தோடு ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் தெருவும் போனில் சேர்ந்து தெரியவேண்டுமென்றால் அவ்வளவு தூரம் தள்ளித்தான் உட்காரவேண்டும்.

"சீட்ட முன்னாடி இழுத்துக்கங்க தம்பி. கீழ கம்பி இருக்கு பாருங்க."

"இருக்கட்டும்ண்ணே."

பிரேக்கை மிதிக்காமல் சாவியைப் பாதி மட்டும் திருப்பினான். திரை மினுக்கி எரிந்தது. எண்ணைப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். நோட்டை அந்த அட்டைமேல் சாய்த்து வைத்து, தேதியைப் போட்டு, பக்கத்தில் எழுதினான்: 8412.