பதினெட்டுக் கட்டங்கள்

மருத்துவமனைப் படிவத்தில் 'உங்களுக்கு என்ன தொந்தரவு?' என்ற கேள்விக்குக் கீழே பதினெட்டுக் கட்டங்கள். எத்தனை வேண்டுமானாலும் டிக் செய்யலாம். அவற்றைக் கணினியில் அமைத்தவர், அதே நிறுவனத்தில் அவளோடு நிரல் எழுதிவந்த அவளுடைய கணவர். அவர் இறந்து பதினான்கு மாதமாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதிலுள்ள குறையைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தக் கட்டங்களையே தூக்கிவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

குறையைக் கண்டுபிடித்தவன் புதிதாக வந்த சோதனையாளன். அவனுக்குப் பார்வையில்லை; திரையில் இருப்பதைக் கணினி வாசித்துக் காட்டும்.

"அக்கா, இந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே."

"பதினெட்டு இருக்கேப்பா."

"உங்க கண்ணுக்கு இருக்கு. என் காதுக்கு வெறும் சுவர்."

அழகாக இருக்கட்டும் என்று நிஜக் கட்டங்களுக்குப் பதில் படங்களை வைத்திருந்தார் கணவர். படத்தைக் கணினி எப்படி வாசிக்கும்? அவர் எழுதியதில் ஒரு வரியையும் எடுக்காமல் இரண்டு நாள் ஒட்டுப் போட்டாள். டிக் செய்தால் கணினி பேசியது; டிக்கை எடுத்தால் வாயே திறக்கவில்லை.

"என்னக்கா இவ்வளவு பிடிவாதம்?"

"அது என் வீட்டுக்காரர் எழுதினது."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

"நான் எழுதின பட்டியல்." அதில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடியே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், விரல் நழுவினால் எல்லாம் அழிந்துபோகும். ஒரு நோயாளி ஆறு முறை முதலிலிருந்து ஆரம்பித்ததைக் கணவர் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்து, பக்கத்து நாற்காலியில் இவள் இருக்கும்போதே, இவள் எழுதிய அவ்வளவையும் அழித்தார்.

"சும்மாவா விட்டீங்க?"

"ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள், புதுக் கட்டத்தைச் சோதிக்கணும்னு ஒரு படிவம் அனுப்பினார். 'என் மேல் கோபத்துக்குக் காரணம்'னு ஒன்பது கட்டம். ஒன்பதையும் டிக் பண்ணேன். 'கீழ இறக்கிப் பாரு, மற்றவைன்னு இன்னொண்ணு இருக்கு'ன்னார்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, அவருடைய நூற்று நாற்பது வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடத்தில் சாதாரணக் கட்டங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கணினி வாசிக்கும்படி பெயரைக் கட்டினாள்.

அவன் விசையைத் தட்டத் தட்ட, கணினி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. மூட்டுவலியில் நின்று டிக் செய்தான்.

"உனக்கா? இந்த வயசுலயா?"

"தூக்கமின்மையும் போடுறேங்க்கா. ரெண்டு நாளா நீங்கதானே காரணம்."

அவள் படிவத்தை மேலாளருக்கு அனுப்பினாள்.