ஃப்ளெக்ஸ் ஒப்பந்தம்

கனிமொழிக்குத் தன் கல்யாணத்தைவிட, மண்டப வாசலில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸ்தான் பெரிய கவலை. அது சரியாக அமைந்தால்தான் கல்யாணமே நடக்கும் என்ற நிலைமை.

அவள் காதலித்தது அருள்குமாரை. இரண்டு பேருக்கும் ஒரே பெங்களூர் கம்பெனி, ஒரே ஜாவாஸ்கிரிப்ட் வேலை, சாமி மட்டும் வேறு வேறு. பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் அப்பா பச்சியப்பன் ஒன்றரை வருஷமாக அருளை "அந்தப் பையன்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக அவரை இறங்கி வர வைத்தாள். வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஃப்ளெக்ஸில் யார் பேர் எங்கே, எந்த அளவில் என்று இரண்டு வீடும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். முடித்த பிறகு ஒரு எழுத்து மாறினாலும் அவர் மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். பச்சியப்பன் சொன்னால் சொன்னதுதான். சந்தைக்கு ஓட்டிப் போன மாட்டை விலை படியாமல் திரும்ப ஓட்டி வந்த மனிதர் அவர்.

பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். மேலே முருகனும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம், குத்துவிளக்கு போதும் என்று ஆயிற்று. கனிமொழியின் தாய்மாமன் மாது இடப்பக்கம், பெரியப்பா ராஜாமணி வலப்பக்கம். அருளின் அம்மா சகாயமேரி பெயர் பச்சியப்பன் பெயருக்குச் சமமான எழுத்தில். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு நாடுகள் எல்லை பிரித்துக்கொண்டால்கூட இவ்வளவு டீ செலவாகியிருக்காது.

இதற்காகக் கனிமொழி ஒரு வெப் பக்கமே செய்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி. அதற்குள் போய் ஃப்ளெக்ஸில் உள்ள பெயர், இனிஷியல், படிப்பைத் திருத்திக்கொள்ளலாம். திருத்தினால், எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து என்பதோடு உடனே எல்லோர் போனிலும் தெரியும். இன்று மத்தியானத்தோடு திருத்தம் முடிந்தது. சாயங்காலம் தருமபுரி ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்து அச்சடித்துவிடுவார்.

"பெட்டிய எடுத்துடு கனி, எதுக்கு வம்பு" என்று அருள் போனில் சொன்னான்.

"ஃப்ரீஸ் போட்டாச்சு. இனி பெட்டியில யாரு என்னா எழுதினாலும் ஒண்ணும் ஏறாது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

சொன்னதோடு விட்டாளா? குடும்ப வாட்ஸப் குழுவில் வேறு போட்டாள்: "ஃப்ளெக்ஸ் உறைந்துவிட்டது. இனி கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது!" கடவுள் வரவில்லை. மாது மாமா வந்தார்.

சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மாமாவின் பெயருக்குக் கீழே, "உரிமையாளர், மாது பரோட்டா ஸ்டால், தொப்பூர் கணவாய். பார்சல் உண்டு" என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் ராஜாமணி பெரியப்பா "முன்னாள் வார்டு உறுப்பினர்" ஆனார். அடுத்த நிமிஷம் இடப்பக்கம் மாமா "வருங்கால வார்டு உறுப்பினர்" ஆனார். முடியாது என்று சொன்னதே அவர்களுக்கு அழைப்பாகிவிட்டது.

தங்கை ஐஸ்வர்யா எட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும் இதைப் பார்த்தால் கதை முடிந்தது. கனிமொழி அருளுக்குப் போன் போட்டாள்.

"அருள், ஃப்ரீஸ் வேலையே செய்யல!"

"செய்யுதே. மாமா எடப்பக்கத்துலதான இருக்காரு? புதுசா ஒரு பேரு ஏறல, இருந்த பேரு போகல. எல்லாப் பேரையும் சேத்து வெச்சிருக்கற வெளி ஆப்ஜெக்ட் கெட்டியா ஒறஞ்சிதான் இருக்கு. அதுக்குள்ள ஒவ்வொரு பேருக்கும் இருக்கற ஆப்ஜெக்ட்ட நீ தொடவே இல்லியே."

தலையில் அடித்துக்கொண்டாள். கம்பெனிக்குக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவளே நடத்திய பாடம் இது! ஃப்ரீஸ் என்பது தலைவாசலைப் பூட்டுவது மாதிரி. உள்ளே இருக்கும் அறைகளுக்கும் பீரோக்களுக்கும் அது பொறுப்பல்ல. அவள் தலைவாசலை மட்டும் பூட்டிவிட்டு ஊரைக் கூட்டிச் சவால் விட்டிருக்கிறாள்.

விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தாள். சின்ன வேலைதான். ஒரு ஃபங்ஷன், நாலு வரிக் கட்டளை; அது கையில் கொடுத்ததைத் திறந்து, உள்ளே ஆப்ஜெக்ட் இருந்தால் அதற்குள் தன்னையே மறுபடி அனுப்பி, அதற்குள்ளும் இருந்தால் இன்னும் உள்ளே போய், அடிமட்டம் வரை உறைய வைத்துக்கொண்டே வெளியே வரும். பேசி முடித்த பழைய வடிவம் கோப்பில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து, இதற்குள் விட்டு, ஓட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது திரையில் மறுபடியும் ஏதோ அசைந்தது. இந்தத் தடவை மாமா இல்லை, பெரியப்பா இல்லை. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே, பொண்ணு வீட்டுப் பெட்டியிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது. மூ. த். த. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, ம.

ஐஸ்வர்யா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். வெளியே வேப்பமரத்தடியில் பச்சியப்பன் போனைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் அவர் வாய் அசைந்தது.

"மூத்த மருமகன்" என்று முடிந்தது.

கனிமொழிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் முட்டின. ஒரு எழுத்து மாறினால் வர மாட்டேன் என்றவர் எத்தனை எழுத்தை மாற்றியிருக்கிறார்! ஐஸ்வர்யாவோ, "மூத்தவரா? அப்ப எளையவர நானே பாத்துக்கலாமா?" என்று கட்டிலின் மேல் ஏறிக் குதித்தாள்.

பழைய வடிவத்தைக் கனிமொழி தொடவில்லை. அதிலிருந்து ஒரு நகல் எடுத்து, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே மட்டும் அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தாள். பரோட்டா ஸ்டால் போயிற்று, வார்டு உறுப்பினர்கள் இருவரும் பதவி இழந்தார்கள். ஃபங்ஷனை ஓட்டினாள். அது உள்ளே, உள்ளுக்குள்ளே, கடைசி எழுத்து வரை போய் உறைய வைத்துவிட்டு வந்தது.

வெளியிலிருந்து அப்பாவின் குரல்.

"ஏம்மா கனி! இன்னும் ஒண்ணு சேக்கலாம்னு பாத்தா இது எழுத மாட்டேங்குது!"

அவள் வாசலுக்கு ஓடினாள். "இனி எழுத முடியாதுங்கப்பா. அடி வரைக்கும் ஒறஞ்சி போச்சி."

"ஆராலயும் முடியாதா?"

"ஆராலயும் முடியாதுங்க."

"மாதுவால?"

"முடியாதுங்கப்பா."

பச்சியப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னால?"

"உங்களாலயும் முடியாதுங்க."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்பச் சரி. கடக்காரனுக்கு ஒடனே அனுப்பிடு. எனக்கு நாளைக்கு மனசு மாறுனாலும் மாறிடும்."