கைதேர்ந்தவர் காஜா சார்

என் வீட்டுக்காரர் பனியைப் பார்த்ததெல்லாம் கடத்தூர் சந்தையில் ஐஸ்காரன் மரத்தூளைத் தட்டிவிட்டு உடைத்துக் கொடுக்கும் கட்டியில்தான். அப்படிப்பட்ட மனுஷனுக்கு எழுபத்தொன்றாம் வருஷம் காஷ்மீரிலிருந்து ஒரு படிவம் வந்தது. இவரைப் போன்ற பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்களுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சியாம். உங்கள் திறமையை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று நாலு வரி போட்டு, பக்கத்தில் கட்டம் போட்டிருந்தார்கள். முதல் வரி, பனியில் நின்றே அறியாத புதியவர். கடைசி வரி, எந்த மலையிலிருந்தும் விழாமல் இறங்கும் கைதேர்ந்தவர்.

இவர் கைதேர்ந்தவருக்கு நேரே டிக் அடிக்கச் சொன்னார். அடித்தவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. படித்துத் தொலைத்த பாவத்துக்கு, அவருடைய படிவங்களெல்லாம் என் தலையில்தான் விடியும்.

"புதியவர்னு போட்டா என்னங்க?" என்றேன்.

"பதினஞ்சு வருஷ சர்வீசு பானு. என்னையப் போயி புதுசுன்னு எழுதிக்குவனா? பெருசா எழுதுனாத்தான் கூப்புடுவாங்க."

கூப்பிட்டார்கள். கைதேர்ந்தவர்களை முதல் நாளே மலை உச்சியில் கொண்டுபோய் விடுவார்களாம். அதற்கு முன் உடம்பைச் சோதித்து, சறுக்குவதை நேரில் பார்த்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்ட மதிப்பீட்டை அனுப்ப வேண்டுமாம். உச்சியின் உயரத்தை வாசித்துக் காட்டினேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கினார்.

அவருக்கோ நாற்பத்திரண்டு வயசு, மூன்று பிள்ளைகள். கால் போனால் டிரில் மாஸ்டருக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

"முடியாதுன்னு எழுதிடுங்க."

"ஸ்கூலு பூரா சொல்லிட்டேனே! அதுவுமில்லாம, பனியில ஒருதரம் நிக்கணும் பானு. அவ்ளோதான் ஆசை." இதைச் சொன்னபோது முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சோதனை வீட்டிலேயே ஆரம்பமானது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். நான் எண்ணினேன். நாற்பது வரும்போது முதுகெல்லாம் சுண்ணாம்போடு தரையில் இருந்தார்.

"செவுரு வழுக்குது."

"செவுரு அங்கயேதாங்க நிக்குது. வழுக்கினது நீங்க."

ஞாயிற்றுக்கிழமை சறுக்கல் சோதனை. பார்த்துக் கையெழுத்துப் போட ஹெட்மாஸ்டர் கிருஷ்ணப்பன் குடையோடு வந்திருந்தார். ஏரிக்கரைச் சரிவில் வைக்கோலைப் பரப்பி, கருக்குச் சீவிய இரண்டு பனைமட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, கைக்கொரு மூங்கில் குச்சியோடு இவர் மேலே நின்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த குள்ளம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங் சாரு, எறங்கறதுக்கு அந்தப் பக்கம் படி இருக்குதுங்களே!"

முதல் தடவை முகம் குப்புற. அடுத்த தடவை மட்டை மட்டும் கீழே வந்தது, அவர் மேலேயே மல்லாந்து கிடந்தார். ஒரு தடவை நேராக ஏரிச் சேற்றில் முழங்கால் வரை. மொத்தம் ஒன்பது தடவை விழுந்ததை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் நான் ஓடினேன், ஒவ்வொரு தடவையும் "வராத!" என்று கத்திவிட்டுத் தானே எழுந்து, மறுபடி மேலே ஏறினார்.

ஹெட்மாஸ்டர் வெள்ளைத் தாளில் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார். எங்கள் பள்ளியில் எல்லாத் தாளும் அப்படித்தான், கையெழுத்து முதலில், விஷயம் பிறகு.

"மேல நீயே எழுதிக்கம்மா. நம்ம ஜில்லா மானம், நல்லா எழுது."

நல்லாத்தான் எழுதினேன். "புதியவர். சுவரோடு நாற்பது எண்ணிக்கை தாங்கினார். ஒன்பது தடவை விழுந்தார். ஒன்பது தடவையும் யாரும் கை கொடுக்காமல் எழுந்தார். பனியைப் பார்க்க ரொம்ப ஆசை." தபாலில் சேர்த்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. "உங்கம்மாவ சோறு போடச் சொல்லு" என்று பிள்ளைகளிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே சட்டியோடு நிற்பேன். என் அவசரத்தால் அவர் ஆசை மண்ணாகிவிட்டதோ என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காஷ்மீர்க் கடிதம் வந்தது. நாடு முழுக்க விண்ணப்பித்த டிரில் மாஸ்டர்கள் நூற்றுப் பத்துப் பேரும் தங்களைக் கைதேர்ந்தவர் என்றே எழுதியிருக்கிறார்களாம். புதியவர் வகுப்புக்கு ஆளே இல்லாமல் பயிற்றுநர் சும்மா உட்கார்ந்திருந்தாராம். காஜா அவர்கள் உடனே புறப்பட்டு வரவும்.

இவர் மூன்று முறை வாசித்தார். மீசை தானாக நிமிர்ந்தது.

"எனக்குன்னு தனி வாத்தியாரு!" என்று செருப்பை மாட்டினார், பள்ளி முழுக்கச் சொல்ல.

இரண்டு காலோடும் திரும்பி வருவார் என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். வாசல் வரை போனவர் நின்று, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒம்போது இல்ல பானு, எட்டுதான். கடைசியா நானேதான் உக்காந்தேன்."