எட்டாம் நம்பர் உலகம்மாள்

"கொலை செய்யாதவங்க பேரையும் எதுக்குப்பா போட்டிருக்கு?"

செண்பகவல்லி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. தென்காசியில் ஓர் அச்சகத்தில் அவள் அப்பா குற்றாலநாதன் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொல்லாகக் கோப்பது அவர் வேலை. அன்று பிழை பார்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புரூஃப் தாளை அவள் மடியில் விரித்து வைத்திருந்தாள். 'எட்டாம் எண் அறை' என்ற துப்பறியும் நாவலின் முதல் பக்கம் அது. 'கதாபாத்திரங்கள்' என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாகப் பதினொரு பெயர்கள். எஸ்டேட் முதலாளி, அவருடைய இரண்டாம் தாரம், கடன்பட்ட மருமகன், டாக்டர், வக்கீல் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சிறு கோடு. கோட்டுக்கு அப்புறம் ஆள் யாரென்று ஒரு வரி.

"எல்லார் பேரையும் போட்டாத்தான எல்லார் மேலயும் சந்தேகம் வரும்? ஒரு பேர மட்டும் போட்டா கதை அங்கனயே முடிஞ்சிரும்லா," என்றார் குற்றாலநாதன்.

"மத்தவங்கல்லாம் பாவம்லா."

"ஏட்டி, அவங்க காயிதத்துல இருக்கவங்க. காயிதத்துக்கு வலிக்கவா செய்யும்?"

அவள் சமாதானமாகவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிக் கொண்டே போனவள் கடைசிக்கு முந்திய பெயரில் நின்றாள். "உலகம்மாள், விடுதிச் சமையல்காரி. இது நமக்குக் கஞ்சி குடுத்தாங்களே, அந்த அத்தையா?"

"தெருவுக்கு நாலு உலகம்மா இருக்கா நம்ம ஊர்ல. இது வேற," என்று சொல்லித் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. தென்காசிக் கோயிலில் அம்மன் பெயர் அதுதான். பெண் பிறந்தால் யோசிக்காமல் வைக்கிற பெயர். ஆனாலும் அந்தப் பெயர் அந்தத் தாளில் ஏறிய விதம் அவருக்கு மட்டுமே தெரியும்.

மதுரையிலிருந்து தபாலில் வந்த கையெழுத்துப் பிரதியில் கொலைகாரியான சமையல்காரியின் பெயர் விஜயலக்ஷ்மி. பக்கத்துக்கு ஆறேழு தடவை வந்தாள். முதல் ஐந்து பக்கம் கோப்பதற்குள் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் 'க்ஷ' தீர்ந்து போயிற்று. 'ஜ' இருந்த குழியிலும் தரை தெரிந்தது. புது எழுத்து வாங்க மதுரைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். புத்தகமோ வெள்ளிக்கிழமை கட்டி முடித்தாக வேண்டும்.

"முதலாளி, க்ஷ இல்ல," என்று போய் நின்றார்.

அச்சக முதலாளி ஹபீபுல்லா கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தார். "க்ஷ இல்லாத பேரா வையேம்ப்பா. கொல பண்ணுதவளுக்கு என்ன பேரா இருந்தா என்ன? எழுதினவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு."

திரும்பி வந்து எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். மனசுக்குள் பெயர் எதையும் தேடவில்லை. கை தானாகப் போய் உ, ல, க என்று பொறுக்கியது. எல்லாம் குழி நிறையக் கிடந்த எழுத்துகள். கோத்து முடித்த பிறகுதான் என்ன பெயர் என்று வாசித்தார்.

கைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாத் துயரமும் இருக்கிறது.

அதற்கு முந்திய வருஷம், எழுபத்தேழு சீசனில், மகளைக் குற்றால அருவியில் குளிக்கக் கூட்டிப் போயிருந்தார். தாயில்லாத பிள்ளை; ஆசைப்பட்டது. குளித்துக் கரையேறியபோதே அவளுக்கு உடம்பு நடுங்கியது. பஸ் ஏறுவதற்குள் காய்ச்சல் கொதித்தது. சாரல் வலுத்து, பஸ்ஸும் வராமல், ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதியின் பின்புறத் தாழ்வாரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சமையற்கட்டுக் கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு ஏன் தம்பி நனையுதிய? உள்ள வாங்க. முதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாதிய."

அடுப்படியில் உட்கார வைத்து, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கொடுத்தாள். கொடுத்ததோடு வேலையைப் பார்க்கப் போய்விடவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. "வேர்த்திருச்சு. இனி பயமில்ல, கூட்டிட்டுப் போங்க," என்றாள். அவள் பெயர் உலகம்மாள். அந்த விடுதியில் பதினாறு வருஷமாகச் சமையல்.

ஒரு நல்ல காரியத்தின் ஞாபகம் அவர் விரல் நுனியில் தங்கியிருந்தது. அதுதான் எழுத்துக் குழிகளில் போய் அவள் பெயரைத் தேடி எடுத்தது. நாவலில் அந்தப் பெயர்க்காரி பாலில் விஷம் கலந்து எட்டாம் எண் அறைக்குக் கொண்டுபோனாள்.

புத்தகம் மே மாதம் வந்தது. ஜூலையில் உலகம்மாள் சமைத்த விடுதியில் விருதுநகர்ப் பெரியவர் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்கு மேல் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார், காலையில் எழவில்லை. எண்பது வயது. ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரர். அவர் தங்கியிருந்தது மூன்றாம் நம்பர் அறை.

விடுதியின் முன் கூடத்தில் யாரோ படித்துவிட்டுப் போட்டிருந்த புத்தகம் கிடந்தது. போலீஸ் வரும்வரை பொழுது போகாத ஒரு வாலிபன் அதைப் பிரித்தான்.

"ஏலே, இங்கன பாருலே! உலகம்மாள், விடுதிச் சமையல்காரி. பால்லதான் விஷமாம். எழுதினவன் தீர்க்கதரிசிலே!"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். கேட்டவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் இறந்தவரின் மகன் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சமையற்கட்டை நோக்கி நடந்தார்.

பிரேதப் பரிசோதனையில் விஷம் எதுவும் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உலகம்மாளை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்துவிட்டு, போகச் சொல்லிவிட்டார்கள். சட்டத்தின் கணக்கில் அவ்வளவுதான். ஆனால் அந்த வாரமே விடுதியில் முக்கால்வாசி இலை விழவில்லை. தங்க வந்தவர்கள் வெளியில் போய்ச் சாப்பிட்டார்கள். மாதம் முடிவதற்குள் விடுதி முதலாளி அவளை நிறுத்திவிட்டார்.

குற்றாலநாதனுக்கு விஷயம் தெரிந்ததும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அங்கே போனார். விடுதி முதலாளி கல்யாணராமன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எழுத்து பத்தலன்னு ஒரு பொம்பளைய கொலைகாரி ஆக்கிட்டீரு. அப்படித்தானவே?"

"ஆமா அண்ணாச்சி. தப்பு என் மேலதான். அவுகள மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்க."

"நான் என்னைக்குவே அவள சந்தேகப்பட்டேன்? பதினாறு வருசம் அவ ஆக்கிப்போட்டதத் தின்னவன். வாரவன் தின்ன மாட்டேங்கான்லா, அதுக்கு வழி சொல்லும்."

"நீங்க ஒரு நேரம் கூடத்துல எல்லாரும் பாக்க உக்காந்து, அவுக கையால வாங்கிச் சாப்பிடுங்க அண்ணாச்சி. அது போதும். பேச்சு அடங்கிரும்."

கல்யாணராமன் மேசை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளினார். கடைசிச் சாவிக்கு வந்ததும், "எனக்கும் பிள்ள குட்டி இருக்குவே," என்றார்.

அப்போதுதான் குற்றாலநாதனுக்குப் பயம் வந்தது. சந்தேகமே இல்லை என்று சொல்கிற மனிதருக்குள்ளேயே சந்தேகம் குடியேறியிருந்தது.

அடுத்து அவர் செய்த காரியத்தை நல்ல மனசோடுதான் செய்தார். ஹபீபுல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஹபீபுல்லா தலையில் கைவைத்துக் கொண்டார். "யா அல்லா! நான்தானப்பா பேர மாத்தச் சொன்னேன். என்ன வேணும்னாலும் அச்சடி. தாளு நான் தாரேன்." கை அகலத்தில் ஒரு திருத்தச் சீட்டு அடித்தார்கள். 'இந்நாவலில் கொலை செய்யும் உலகம்மாள் என்ற பாத்திரம் கற்பனையே. குற்றாலம் விடுதிச் சமையல்காரர் திருமதி உலகம்மாளுக்கும் இதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.'

ஞாயிற்றுக்கிழமைகளில் பசைக் கிண்ணத்தோடு கிளம்பினார். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று வாடகைப் புத்தகக் கடை ஒவ்வொன்றாக ஏறி, கதாபாத்திரப் பக்கத்தில் சீட்டை ஒட்டிவிட்டு வந்தார்.

செங்கோட்டைக் கடைக்காரன் மறுமாதம் அவரைப் பார்த்ததும் உற்சாகமாகச் சொன்னான்: "அண்ணாச்சி, உங்க சீட்டு ஒட்டுனப் பொறவு அந்தப் புஸ்தகத்துக்குத்தான் இப்பம் கிராக்கி! கொலைகாரி நெசமாவே குத்தாலத்துல இருக்காளாமேன்னு கேட்டுக் கேட்டு வாங்குதான்."

தெரியாதவர்களுக்கும் ஊரும் பேரும் தொழிலும் தெரிவித்தது அந்தச் சீட்டுதான். ஒட்டிய இடத்தில் கிழிக்கப் போனால் பெயர்ப்பட்டியலும் சேர்ந்து கிழிந்தது. தெருவுக்கு நாலு உலகம்மாள் இருந்த ஊரில் அவளுக்குத் தனியாக ஓர் அடையாளப் பெயர் வந்துவிட்டது: எட்டாம் நம்பர். அவள் அந்த அறைக்கு எதையுமே கொண்டுபோனவளில்லை. விடுதியில் எட்டாம் நம்பர் அறையே இல்லை. மொத்தம் ஆறு அறைதான்.

செங்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தாள். நாலாம் நாள் தென்காசிக்காரர் ஒருவர் அடையாளம் சொன்னார். ஆய்க்குடியில் கல்யாணச் சமையல் கோஷ்டியோடு போனாள். தலைமைச் சமையல்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பாத்திரம் வேணா கழுவும்மா, அடுப்புப் பக்கம் வராத," என்றார். கடைசியில் குத்துக்கல்வலசையில் ஒரு ஒற்றை அறையில் வந்து ஒதுங்கி, அரிசி மில்லில் தவிடு புடைத்தாள்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்து முடிந்ததும் கோத்த பக்கத்தைக் கலைத்து எழுத்துகளை அதனதன் குழியில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். கொலைகாரன் பெயரில் இருந்த 'க' அடுத்த நாளே கல்யாணப் பத்திரிகையில் 'கணபதி துணை' என்று போய் உட்காரும். ஈயத்துக்குப் பாவமும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. குற்றாலநாதன் அதற்குப் பிந்திய ஐந்து வருஷமும் எழுத்தைப் பிரித்துப் போடும்போதெல்லாம் அவளை நினைத்தார். கோயிலுக்குப் போனால் அம்மன் சந்நிதியில் அர்ச்சகர் அம்மன் பெயரைச் சொல்லுகிற நேரம் தலையைக் குனிந்துகொள்வார். அவளிடம் போய்ச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் ஒரு மத்தியானம் குத்துக்கல்வலசைக்குப் போனார். மேல்காற்று தூக்கியடித்தது. அவள் வெளிச்சுவரோரம் மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

"என்னைத் தெரியுதா அக்கா? காய்ச்சக்காரப் புள்ளயோட வந்தேன், சாரல்ல."

"தெரியாம என்ன. புள்ள நல்லா இருக்கா?"

"பன்னெண்டு வயசாச்சு."

அதற்கு மேல் எதுவும் சுற்றி வளைக்க அவரால் முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டார். எழுத்துத் தீர்ந்ததையும், கை அந்தப் பெயரை எடுத்ததையும், சீட்டு ஒட்டியதையும். அவள் அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"ஊர்ல எத்தன பேரு இருக்கு. எம் பேரு எதுக்குத் தம்பி?"

"நல்லது செஞ்சவுகன்னு மனசுல இருந்தது உங்க பேருதான். அதுதான் கைக்கு வந்துச்சு."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். "நல்லா நெனச்சிய போங்க," என்றாள். கோபம்கூட இல்லாத குரல் அது. "பேர மாத்திச் சொல்லி எங்கனயாவது பொழச்சிக்கோன்னு சொன்னாங்க. எங்காத்தா அம்மன் சந்நிதியில வச்சுக் கூப்பிட்ட பேரு. நான் எதுக்கு மாத்தணும்?"

மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. போன வேலை திரும்பாது, ஊர் வாய் மூடாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கஞ்சி கொதித்து மிளகு வாசம் வந்தது.

"பசிக்குது அக்கா," என்றார் குற்றாலநாதன்.

அவள் அகப்பையைப் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் கையாலயா?"

"ஆமா. புள்ளைக்கும் ஒரு சட்டியில குடுத்தா கொண்டு போவேன்."

"வேண்டாம்!" என்றாள் சட்டென்று. "புள்ளைக்கு வேண்டாம் தம்பி. இன்னிக்குன்னு பாத்து அதுக்கு எதாச்சும் ஆச்சுன்னா?" சொன்ன பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் அவளுக்குச் செய்ததில் இதுதான் கடைசி.

அவர் சுவரோரம் கவிழ்த்திருந்த கும்பாவைத் தாமே எடுத்து முன்னால் வைத்தார். அவள் ஊற்றினாள். தொட்டுக்கொள்ள ஒரு வத்தல் மிளகாய். அவர் தரையில் சம்மணமிட்டு, ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எழுந்திருக்கப் போனவரை அவள் கைகாட்டி நிறுத்தினாள். "செத்த நேரம் இங்கனயே இருங்க."

இருந்தார். அவள் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். காற்று அடுப்புச் சாம்பலைக் கிளப்பியது. தெருவில் ஆளில்லை. அரைமணி போல ஆனபின் அவர் நெற்றியோரம் மெல்ல ஈரம் அரும்பியது.

"வேர்த்திருச்சு," என்றாள் உலகம்மாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "இனி பயமில்ல. போங்க."

அவர் கும்பாவைக் கழுவி, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார்.