லியோனஸ் வீட்டு மஞ்சள் கூரை

அந்த ஆண்டு பனி இளகத் தொடங்கிய முதல் நாளில், ஊரிலிருந்த அத்தனை தேனீக்களும் லியோனஸின் வீட்டின் மேல் மட்டும் மலம் கழித்தன. குளிர்காலம் முழுக்கக் கூட்டுக்குள் அடக்கிக்கொண்டு கிடக்கும் தேனீ, பனி இளகும்போதே முதலில் பூக்கும் ஹேசல் புதர் பூத்ததும் வெளியே பறந்து வயிற்றைக் காலி செய்யும். அந்தப் பூவைப் பார்த்துத்தான் ட்சூகியா என்ற அந்தக் காட்டுப் பக்கத்தில் தேன்காரர்கள் தேனீ உயிரோடிருக்கிறதா என்று கூட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், காளான் பொறுக்குகிறவர்கள் பரணிலிருந்து கூடையை இறக்குவார்கள். அன்றைக்கு யாரும் வெள்ளைத்துணி காயப்போட மாட்டார்கள். ஆனால் மற்ற வீடுகளின் பனி வெள்ளையாகவே கிடக்க, லியோனஸின் கூரை, சன்னல், கிணற்று மூடி எல்லாம் மஞ்சளாக வழிந்து நாறின.

காரணம் ஊருக்கே தெரியும். அங்கே தேனீயை யாரும் விற்பதில்லை. கூட்டம் பெருகி இரண்டாகப் பிரிந்தால் ஒன்றை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து இரண்டு வீடும் சொந்தம். பக்கத்து வீட்டு அகோத்தா அப்படிக் கொடுத்த கூட்டால்தான் லியோனஸின் மனைவி டோமிட்செலேவுக்குக் கூடப்பிறந்தவளைவிட நெருக்கமானாள். அந்தக் கூட்டை லியோனஸ் ஒரு பட்டணத்தானுக்கு விற்றுத் தொலைத்தான். அந்தக் காசில் மனைவிக்கு ஒரு பச்சைக் கோட்டு. அவளும் வாயை மூடிக்கொண்டு அதை மாட்டிக்கொண்டாள். அகோத்தா பேச்சை நிறுத்தினாள்.

அன்றிலிருந்து வருஷாவருஷம் அந்தக் கூரைக்கு இதே கதை. பிறகு அந்த மஞ்சளிலிருந்து காளான் முளைத்தது. தேனடை மாதிரி குழிகுழியான காளான், பூட்ஸுக்குள், தலையணைக்கடியில், ரொட்டிப் பெட்டியில். வேறு ஆளாக இருந்தால் வெட்கத்தில் ஊரைவிட்டே போயிருப்பான். லியோனஸ் பறித்து வறுத்தான்.

"காட்டுக்கு நடக்காமலே கிடைக்குது. கசக்குதா உனக்கு?" என்றான், வாய் நிறைய மென்றபடி.

"யோவ், நீ தின்னுறது என்னன்னு தெரியுதா?"

"வெண்ணெய் போட்டா எல்லாம் ஒண்ணுதான்டி."

டோமிட்செலே தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இவனோடு இனி ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று அன்றே முடிவு செய்தாள். அடுத்த வசந்தத்தில் ஹேசல் பூத்த காலையில், வெளுத்த படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு அகோத்தாவின் வாசலில் போய் நின்றாள்.

"உன் கொடியில காயப்போட்டுக்கவா?"

"இன்னைக்கா? பைத்தியமாடி உனக்கு? தேனீ வெளிய வர்ற நாளு!" பல வருஷத்தில் அகோத்தா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அதுக்குத்தான் வந்தேன். இதுல ஒரு சொட்டு விழுந்தாலும் திரும்பிப் போயிடுறேன். அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

தேனீக்கள் வந்தன. கொடியைச் சுற்றின. விரிப்பில் ஒரு பொட்டுகூட விழவில்லை. டோமிட்செலே போட்டிருந்த பச்சைக் கோட்டு மட்டும் தோளிலிருந்து விளிம்புவரை மஞ்சளாகிச் சொட்டியது. அவள் அதைக் கழற்றி வேலிக்கு அந்தப் பக்கம், லியோனஸின் முற்றத்தில் வீசினாள்.

"ச்சீ, நாத்தம்! கையைக் கழுவிட்டு உள்ள வா" என்றாள் அகோத்தா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

இப்போது அந்த ஊரில் யாரும் ஹேசல் புதரைப் பார்ப்பதில்லை. லியோனஸின் கூரை மஞ்சளானால் கூடையை இறக்குகிறார்கள். அவன் அடுப்பில் வாணலியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறான்.