பத்தொன்பது யூரோ

"கீழே" என்றேன். முன்னால் போன சாம்பல் நிறக் குதிரை வேலியின் மேல்விளிம்பில் நெஞ்சு இடித்து, முன்னங்கால்கள் மடங்கி, புல்லில் சரிந்துகொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் லோர்கன் பொத்தானைத் தட்டும் சத்தம் கேட்டது. அறை மூலையில் இருந்த டிவியில் அதே சாம்பல் குதிரை இன்னும் விழவில்லை. காதுகளை விடைத்துக்கொண்டு வேலியை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டிவியிலும் விழுந்தது. வர்ணனையாளர் அப்போதுதான் "அடடா" என்றார்.

எங்கள் வீட்டின் பின்சுவருக்கு அப்பால் குதிரைப் பந்தயத் திடல். மாடியில் பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே, கல்லெறி தூரத்தில், குதிரைகள் தாண்ட வேண்டிய வேலிகளில் கடைசிக்கு முந்தையது. அந்த வேலியில் நடப்பதைக் காமிரா பிடித்து, ஒளிபரப்பு வண்டிக்கு அனுப்பி, அங்கிருந்து வானத்துக்குப் போய், மறுபடி எங்கள் டிவிக்கு வந்து சேர நான்கு விநாடி ஆகும். அயர்லாந்து முழுக்க டிவி பார்த்துப் பந்தயம் கட்டுகிறவர்கள் எங்களுக்கு நான்கு விநாடி பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். என் அண்ணன் லோர்கனுக்கு இறைச்சித் தொழிற்சாலை வேலை போனபிறகு அந்த நான்கு விநாடிதான் வேலை.

அவன் கட்டுவது கடைத்தெருவில் இருக்கும் பந்தயக் கடையில் இல்லை. அங்கே கடைக்காரனுக்கு எதிராகக் கட்ட வேண்டும். இது இணையத்தில் இருக்கும் சந்தை. ஒரு குதிரை ஜெயிக்கும் என்று ஒருவர் நீலக் கட்டத்தில் கட்டினால், தோற்கும் என்று இன்னொருவர் இளஞ்சிவப்புக் கட்டத்தில் கட்டியாக வேண்டும். ஆளுக்கு ஆள். சந்தைக்காரன் நடுவில் நின்று, ஜெயித்தவனிடம் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்வான். பேர் கிடையாது, முகம் கிடையாது, தொகை மட்டும் தெரியும். ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதும் கட்டலாம் என்பதால் லோர்கன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாது. ஜன்னலில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் நான்.

பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க முடியாமல் பதினைந்தாவது வயதில் நின்றுவிட்டவள் நான். ஆசிரியர் பேரைக் கூப்பிட்டால் மேஜையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் இந்த ஜன்னலில், அப்பாவின் பழைய தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு, இரண்டே சொற்களைச் சொல்ல எனக்குச் சிரமம் இருக்கவில்லை. "தாண்டிருச்சு." "கீழே." சொன்னதும் லோர்கனின் விரல் நகரும்; குதிரை விழுந்தால், அது தோற்கும் என்று டிவி பார்ப்பவர்கள் அறியும் முன்பே கட்டிவிடுவான். என் சொல்லுக்கு ஒருவர் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எதிர்ல இருக்கறவங்க பாவம்" என்றேன் ஒருநாள்.

"எதிர்ல எங்க ஆள் இருக்கு, சுண்டெலி?" என்றான், என்னை எப்போதும் கூப்பிடும் பேரில். "வெறும் நம்பர்."

"நம்பருக்குப் பின்னால?"

"இன்னொரு நம்பர்." என் தோளில் தட்டினான். "சமையலறைக் கூரை ஒழுகுதே, அதுக்குப் பாவம் பாரு. பாத்திரம் வெச்சுப் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு இடுப்பு போச்சு."

அக்டோபர் மாதம்தான், ஓட்டம் முடிந்ததும் லோர்கனின் திரையில் நேரத்தோடு வரும் பட்டியலில், பத்தொன்பதைக் கவனித்தேன். எங்கள் வேலியில் ஏதாவது நடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் ஒரு பத்தொன்பது யூரோ இருந்தது. மற்றவர்கள் ஐந்து, பத்து, ஐம்பது என்று போடுவார்கள். ஒருவர் மட்டும் எப்போதும் பத்தொன்பது. முதல் சில வாரங்கள் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். விழுந்து கிடக்கும் குதிரை ஜெயிக்கும் என்று கட்டியிருப்பார். டிவி பார்க்கிற ஏதோ ஒரு கிழவர் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு நாயும்கூட மனதில் கொடுத்து வைத்திருந்தேன்.

நவம்பரில் அவர் தோற்பதை நிறுத்தினார். குதிரை விழும்போது பத்தொன்பது சரியாக இளஞ்சிவப்புக் கட்டத்தில் வந்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை, திடலில் நிற்கும் யாரோ என்று சொல்லலாம். ஆனால் அது நான் சொல்வதற்கு முன்னால் வந்தது. "கீழே" என்று சொல்ல நான் மூச்சை இழுக்கும்போதே வந்துவிட்டது. லோர்கன் தட்டும்போது அவன் எடுக்க வேண்டிய பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் சொல்லேன்" என்றான்.

சீக்கிரம் சொன்னேன். பத்தொன்பதும் சீக்கிரம் வந்தது. ஒருமுறை அவசரத்தில், குதிரை வேலியைத் தொடும் முன்னாலேயே "கீழே" என்றுவிட்டேன். ஒரு கணம் அந்தப் பழுப்புக் குதிரை நன்றாகத்தான் எழும்பியது. பிறகு யாரோ கயிற்றை இழுத்ததுபோல் விழுந்தது. ஓட்டியவன் எழுந்து நடந்தான். காலொடிந்த குதிரையைக் கொல்வதை யாரும் பார்க்காதபடி அதைச் சுற்றிப் பச்சைத் திரை கட்டினார்கள். அன்று இரவு உணவுக்கு நான் கீழே போகவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா டெர்வ்லா சாப்பிட வந்தாள். அவள் பந்தயக் குதிரை ஓட்டுபவள். முறிந்து சேர்ந்த தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே முடிச்சாகத் தெரியும்.

"ஒரே ஒரு உருளைக்கிழங்கு வை. செவ்வாக்கெழம ஓட்டத்துக்கு முன்னாடி எடை பாப்பாங்க" என்று தட்டை நீட்டினாள். பன்றி இறைச்சியை வாசனை மட்டும் பிடித்துவிட்டு லோர்கன் பக்கம் தள்ளினாள். "டேய், நான் ஏறுற குதிரை எதுமேலயாவது காசு வெச்சியா?"

"உன் குதிரைங்க போற வேகத்துக்குத் தபால்காரன் மலக்கியே சைக்கிள்ல முந்திடுவான். அதுமேல யாரு வைப்பா?"

"வெளையாடாத. தம்பி ஒரு சென்ட் வெச்சாலும் அக்காவத்தான் கேப்பாங்க. நான் விழுந்தா வேணும்னு விழுந்தேம்பான். லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற என்னடா தெரியும்?"

"சத்தியமா இல்ல."

"எதிர்ல நிக்கறவன் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"அதான் அழகே. அவனுக்கும் என்னத் தெரியாது."

"உன்ன விட அதிகமாத் தெரிஞ்சவன் வந்தா?"

"எனக்கு ஜன்னல் இருக்கு."

"சரி. அவனுக்கு என்ன இருக்கு?"

லோர்கன் முட்டைக்கோஸைக் கிளறினான். நான் பத்தொன்பதைப் பற்றிச் சொன்னேன். நான் சாப்பாட்டு மேஜையில் வாய் திறந்ததே இருவருக்கும் ஆச்சரியம். டெர்வ்லாவின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"அப்பா குதிரை விக்கும்போது இருபது யூரோவுக்கு ஒரு யூரோ வாங்கறவன் கையில திருப்பித் தருவாரே, அதிர்ஷ்டக் காசுன்னு. மிச்சம் பத்தொன்பது." பிறகு அவளே சிரித்தாள். "செத்தும் பந்தயத்த விடலயா அந்த மனுஷன்?"

சமையலறையில் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டியது.

அதன்பிறகு, குதிரைகள் வேலிக்கு வந்து சேரும்வரை, நான் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வேலியருகே எப்போதும் ஆறு பேர் இருப்பார்கள். வேலியைச் சரிசெய்யும் இருவர், முதலுதவிக்காரர்கள் மூவர், ஜீப்பில் மருத்துவர். தொலைநோக்கியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் குதிரை வரும் திசையில் இருந்தது. ஒருவர்கூட எங்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் எனக்குப் பல்வலி. கம்பளிச் சால்வையை மூக்குவரை சுற்றிக்கொண்டு நின்றேன். ஆறு ஓட்டம். நான்கு குதிரைகள் விழுந்தன. நான் சால்வைக்குள்ளிருந்து சொன்னேன், லோர்கன் தட்டினான், எல்லாம் அவனுக்கே கிடைத்தது. பத்தொன்பது ஒருமுறைகூட வரவில்லை.

"போயிட்டான் போல" என்று லோர்கன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "தோத்து ஓடிட்டான்."

மறுநாள் வலி இல்லை, சால்வை இல்லை. முதல் ஓட்டத்தில், என் உதடுகள் பிரியும்போதே, பத்தொன்பது வந்து உட்கார்ந்தது. யாரோ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. ஜன்னலுக்கு எதிரே திடலும், அதற்கப்பால் மரமில்லாத மேடும், அதற்குமேல் வானமும் மட்டுமே இருந்தன. இதை லோர்கனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து ஜனவரி வந்துவிட்டது.

ஜனவரியில் உறைபனி விலகிய ஒரு பிற்பகல், டெர்வ்லா எங்கள் திடலில் ஓட்டினாள். குதிரையின் பெயர் குளிர்ந்த தேநீர். கறுப்புப் பெண்குதிரை. டெர்வ்லாவுக்கு மஞ்சள் தொப்பி. அவள் ஓட்டும்போது கணினியை மூடிவைப்பது லோர்கனின் வழக்கம். அன்று மூடவில்லை.

"சும்மா பாக்கத்தான்" என்றான்.

இரண்டாவது சுற்றில் மஞ்சள் தொப்பி முன்னால் வந்தது. பின்னால் வந்தவர்கள் பத்துக் குதிரை நீளம் பின்தங்கியிருந்தார்கள். பொத்தான் சத்தம் கேட்டது. ஒருமுறை இல்லை, பலமுறை.

"லோர்கன்."

"அவ ஜெயிக்கறா. நீயே பாக்கறல்ல, எப்படிப் போகுதுன்னு."

"எவ்ளோ வெச்ச?"

"கூரைக் காசு." குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "எல்லாமும். ஒண்ணும் ஆகாது. இந்த வேலி ஒண்ணுதான். தாண்டினா தாண்டிருச்சுன்னு சொல்லு. விழுந்தா சொல்லு, டிவிக்காரனுங்களுக்குத் தெரியறதுக்குள்ள அவ தோப்பான்னு கட்டி வந்த வெலைக்குத் தள்ளிடறேன். நாலு விநாடி இருக்கு."

அப்படியென்றால் அக்கா விழுந்த கணத்தில் அவள் தோற்பாள் என்று தம்பி கட்டியிருப்பான். அது எங்கோ ஒரு கணினியில் நேரத்தோடு பதிவாகும். அவளைக் கேட்பார்கள். அது ஒரு பயம். இன்னொன்று அதைவிடப் பெரியது. அந்தப் பழுப்புக் குதிரைக்குப்பிறகு, சொல் முதலில் வந்ததா விழுந்தது முதலில் வந்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியாமல் போயிருந்தது. என் வாய் எந்த வடிவத்துக்குப் போகிறதோ அதைப் பார்க்க ஒருவர் காத்திருக்கிறார். "தாண்டிருச்சு" என்றும் என்னால் சொல்ல முடியாது. அதற்கும் உதடு திறக்க வேண்டும்.

மஞ்சள் தொப்பி வளைவில் திரும்பியது. பெண்குதிரையின் மூச்சு வெண்புகையாக வந்தது. டெர்வ்லாவின் முழங்கால்கள் இறுகுவது தொலைநோக்கியில் தெரிந்தது. வேலிக்கு இன்னும் நான்கே பாய்ச்சல். நான் தொலைநோக்கியை இறக்கி, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

"என்ன பண்ற? பாரு. ஜன்னலப் பாரு."

நான் அவனையும் அவன் திரையையும் பார்த்தேன். பின்னால் குளம்படி கண்ணாடியை அதிர வைத்தது. பிறகு வேலியின் பிர்ச் மரக் குச்சிகள் படபடவென்று ஒடியும் சத்தம். சுத்தமாகத் தாண்டினாலும் அந்தச் சத்தம்தான் வரும், இடித்து விழுந்தாலும் அதே சத்தம்தான். தூரத்துப் பார்வையாளர் மேடையில் கூட்டம் ஒரு நீண்ட "ஓ" போட்டது. அதிலிருந்தும் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"சொல்லு ஊனா" என்றான் லோர்கன். எத்தனையோ மாதங்களுக்குப்பிறகு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். விரல் பொத்தானுக்குமேல் நின்றது. "ஊனா, தயவுசெஞ்சு."

திரையில் குளிர்ந்த தேநீருக்கு நேரே நீலக் கட்டத்தில் பத்தொன்பது நின்றது. இளஞ்சிவப்புக் கட்டத்திலும் பத்தொன்பது நின்றது. இதுவரை இரண்டிலும் சேர்ந்து வந்ததில்லை. இரண்டும் அசையாமல், என் வாய்க்காகக் காத்திருப்பதுபோல் இருந்தன. மூலையில், நான்கு விநாடி பின்தங்கிய டிவியில், மஞ்சள் தொப்பி வளைவில் திரும்பி, வேலியை நோக்கி வந்துகொண்டிருந்தது. டெர்வ்லா கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி, குதிரையின் கழுத்தைத் தன் கையால் ஒருமுறை தொட்டாள்.