இரண்டு கன்னத்திலும் கோடு

ஒரு பேருந்து ஓட்டுநருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. பட்டப்பகலில் சிக்னலிலேயே கண் சொக்கிவிட, டிப்போவில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கொடுத்தார்கள். மாஸ்க்கை மூக்கில் வைத்து, பட்டையைக் கன்னத்தோடு இறுக்கி மாட்டிப் படுத்தால் அது காற்றை ஊதித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். எப்படித் தூங்கினார் என்று ஆஸ்பத்திரிக்குத் தானே சேதியும் அனுப்பிவிடும். அங்கிருந்து சரி என்று வந்தால்தான் மறுபடி ஸ்டியரிங்.

மனுஷனுக்கோ அதை மாட்டியதும் யாரோ தலையணையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கும். வியர்த்துக் கொட்டும், பிய்த்து எறிவார். எறிந்தார் என்கிற சேதியும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுமே! பார்த்தாள் மனைவி. தினமும் தானே மாட்டிக்கொண்டு படுத்தாள். பாசத்தில் புத்தி அப்படித்தான் ஓடும், கண்ணுகளா.

ஒரு காலையில் நர்ஸ் போனில் வீடியோவில் வந்தாள்.

"அண்ணா, ரிப்போர்ட் பிரமாதம்! பச்சப்புள்ள மாதிரி தூங்குறீங்க. டிப்போவுக்கு எழுதிடலாமான்னு டாக்டர் கேக்குறாரு."

"எழுதச் சொல்லும்மா," என்றவர் கொட்டாவியை விழுங்கினார்.

பின்னால் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. கன்னத்துல என்ன கோடு?"

"தலகாணி மடிப்பு, சிஸ்டர்."

"ரெண்டு கன்னத்துலயுமா? அண்ணா மூஞ்சி மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு!"

மனைவி கணவரைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் பஸ்ஸை எடுப்பார்.

"எழுதாதீங்க சிஸ்டர். ராத்திரி அந்த மாஸ்க்க நான்தான் மாட்டிக்கிட்டு படுத்தேன்."

"அடிப்பாவி! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

"பஸ்ஸு நிறைய ஜனங்க இருக்கும்ங்க."

நர்ஸ் திட்டவில்லை. "இன்னிக்கு எழுத மாட்டோம், அண்ணா. ஆனா இப்பவே மாட்டுங்க. தூங்க வேணாம். என்னப் பாத்துக்கிட்டு சும்மா உக்காருங்க. பகல்ல பழகினா ராத்திரி பயம் விடும்."

மாட்டினார். மெஷின் சீறியது. அவர் கண்கள் சுவருக்கும் சாத்திய கதவுக்கும் போனுக்குமாக அலைந்தன. எங்கே போவார்? கை பட்டையை நோக்கி எழும்பியது. மனைவி அதைப் பிடித்துத் தன் மடியில் அமர்த்தினாள்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க. இப்ப மூச்ச இழுங்க."

அவர் அவள் விரல்களை நசுங்குகிறாற்போல் இறுக்கினார். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"அப்படியே புடிச்சிக்கிங்க அண்ணி," என்ற நர்ஸும் போனை வைக்கவில்லை.